ஐந்து ஐம்பத்திரண்டு

அப்பாவின் போனைக் கிருஷ்ணவேணி மூன்றாவது முறையாகத் தேடிக்கொண்டிருந்தாள். தலையணைக்கு அடியில் இல்லை. மெத்தைக்கு அடியில் இல்லை. மேஜை இழுப்பறையில் கண்ணாடிக் கூடும் ஒரு பழைய பஞ்சாங்கமும்தான் இருந்தன. முழங்கால் போட்டு உட்கார்ந்து கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். விரலில் தூசிகூட ஒட்டவில்லை. தரையில் பினாயில் வாடை அடித்தது. சாவு விழுந்த வீட்டில், ஆளை இன்னும் எடுத்துக்கொண்டு போகாத நேரத்தில், கட்டிலுக்கு அடியில் யார் மெனக்கெட்டுத் துடைத்திருப்பார்கள்?

கூடத்தில் ஃப்ரீசர் பெட்டி ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. அதற்குள் ஆறுமுகநயினார் வெள்ளை வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாகக் கிடந்தார். எழுபத்து நான்கு வயது. போன வருஷம் ஆவணியில் அவள் பார்த்தபோது இருந்த உடம்பில் பாதிதான் இப்போது இருந்தது. தலைமாட்டில் அம்மா சிவகாமியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி, அதன்மேல் ஒரு கையை வைத்திருந்தாள். துக்கம் கேட்க வந்த பெண்கள், அம்மாவுக்கு இன்னும் உறைக்கவில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கிருஷ்ணவேணிக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மாவுக்கு எல்லாம் உறைத்திருக்கிறது, எதையோ சொல்லாமல் அடக்கி வைத்திருக்கிறாள் என்றுதான் பட்டது.

ஆறுமுகநயினார் சாலைக் கடைத்தெருவில் நாற்பது வருஷம் இரும்புக்கடை வைத்திருந்தவர். ஆணி, கீல், தாழ்ப்பாள், பூட்டு. பள்ளிப் படிப்போடு நின்றவர். ஆனால் கடை வாசலில் ஒரு கரும்பலகையைத் தொங்கவிட்டு, தினமும் காலையில் சாக்கட்டியால் அன்றைய தேதியை எழுதி, அதற்குக் கீழே அதே தேதியில் உலகத்தில் நடந்தவற்றை எழுதி வைப்பார். வருஷம், ஒரு புள்ளி, நடந்த சங்கதி. அவ்வளவுதான். ஒரு சொல் கூடுதலாக இருக்காது. பழைய பத்திரிகைகளிலிருந்தும் நாட்காட்டித் தாள்களிலிருந்தும் பொறுக்கிச் சேர்த்தவற்றை மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு நீள நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். அரிசி மண்டிக்காரர்களும் துணிக்கடைச் சிப்பந்திகளும் கடை திறக்கிறதற்கு முன்னால் அந்தப் பலகையைப் படித்துவிட்டுத்தான் போவார்கள். கடையை மகனிடம் விட்ட பிறகு பலகை வாட்ஸ்அப் குழுவாக மாறியது. இருநூற்றுச் சொச்சம் பேர். காலை ஆறு மணிக்குள் பட்டியல் வந்துவிடும். ஒரு நாள் தப்பினதில்லை.

இன்றைக்கும் தப்பவில்லை. அதுதான் சங்கடம்.

திருநெல்வேலியில் தன் வீட்டு அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கிருஷ்ணவேணி போனை எடுத்தபோது பட்டியல் வந்திருந்தது. நவம்பர் 21. அனுப்பிய நேரம் 5.52. வழக்கம்போலக் கட்டைவிரலைப் போட்டாள். ஏழு பத்துக்குத் தம்பி அனந்தபத்மநாபன் அழைத்தான். அப்பா போய்விட்டார் என்றான். டாக்ஸி பிடித்து நாகர்கோவில் தாண்டுகிற வரைக்கும் அழுதுகொண்டுதான் வந்தாள். மாநில எல்லையான களியக்காவிளையில் வண்டி நெரிசலில் நின்றபோது, மனசு கேட்காமல், காலையில் அப்பாவை வந்து பார்த்த டாக்டர் விஜய்குமாரை அழைத்து, அப்பா கஷ்டப்பட்டாரா என்று கேட்டாள். கஷ்டமே இல்லை, உறக்கத்தில் இதயம் நின்றிருக்கிறது என்றார் டாக்டர். ஏழு மணிக்கு அவர் வந்து பார்த்தபோது உடம்பு நன்றாக விறைத்திருந்ததாம். முந்தின நாள் ராத்திரி பத்து, பதினொன்றுக்கே ஆகியிருக்கும் என்றார்.

அவள் அழுகை அந்த இடத்தில் நின்றது.

இருபது வருஷமாக ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இறப்புக் கோரிக்கைகளைச் சரிபார்க்கிற வேலை அவளுக்கு. இறந்த நேரம், பார்த்த நேரம், சொன்ன நேரம் என்று மூன்று நேரங்கள் எல்லாக் கோப்பிலும் இருக்கும். அவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பாள். பொருந்தாத இடத்தில் பென்சிலால் வட்டம் போடுவாள். பதினொரு மணிக்கு இறந்த மனிதர் விடிகாலை ஐந்து ஐம்பத்திரண்டுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். களியக்காவிளையிலிருந்து ஆரியசாலையில் அப்பாவின் வீடு வரைக்கும் அவள் அந்தப் பட்டியலை எத்தனை முறை படித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

1783. பாரிஸில் இரண்டு பேர் பலூனில் ஏறி முதன்முதலாகப் பறந்தனர்.
1877. ஒலியைப் பதிந்து வைக்கும் கருவியை எடிசன் அறிவித்தார்.
1962. சீனப் போர் நின்றது.
1963. தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது. அன்று சாயங்காலம் வானம் ஆரஞ்சு நிறமாக இருந்தது.
1970. சர் சி.வி. ராமன் காலமானார்.

ஐந்தே ஐந்து. அப்பா பத்துக்குக் குறைய எழுதியதில்லை. அதைவிட, அந்த ஆரஞ்சு நிறம். வானத்தின் நிறத்தையெல்லாம் எழுதுகிறவர் இல்லை அவர். ராக்கெட் விட்டார்கள் என்றால் விட்டார்கள், அதோடு சரி. வேறு யாரோ ஒருவருடைய கை இதை எழுதியிருக்கிறது. அப்பா பிணமாகக் கிடந்த வீட்டில், அவர் உயிரோடு இருப்பதுபோலக் காட்ட யாருக்கோ ஓர் அவசியம் இருந்திருக்கிறது.

வீட்டுக்குள் நுழைந்த பிறகு வட்டம் போட வேண்டிய இடங்கள் கூடிக்கொண்டே போயின. வாசல் கேட்டில் கை எளிதில் எட்டாத உயரத்தில் புதிதாக ஒரு தாழ்ப்பாள் இருந்தது. குளியலறைக் கதவிலும் அடுக்களை நிலையிலும் அலமாரியிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சதுரம் சதுரமாகப் பசைத் தடம். எதையோ ஒட்டி வைத்திருந்து, சமீபத்தில் பிய்த்திருக்கிறார்கள். சில இடங்களில் பசை இன்னும் பிசுபிசுத்தது. கூடத்துக் கல்யாணப் படத்தின் அடியில்கூட அந்தத் தடம் இருந்தது.

அப்புறம் லீலாபாய். ஐம்பது வயது இருக்கும். நெய்யாற்றின்கரைக்காரி, கழுத்தில் சின்னச் சிலுவை. அம்மாவுக்கு மூட்டு வலி, கூடமாட ஒத்தாசைக்கு ஓர் ஆள் வைத்திருக்கிறோம் என்று ஒரு வருஷத்துக்கு முன்னால் தம்பி சொன்னது நினைவிருந்தது. ஆனால் அப்பாவின் அறையில், அவர் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் லீலாபாயின் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. மூட்டு வலிக்காரிக்கு ஒத்தாசை செய்கிறவளின் பாய் அங்கே எதற்கு?

ஒரு வருஷமாகவே அவளுக்குள் இந்தக் குறுகுறுப்பு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பாவுக்குப் போன் பண்ணுவாள். சின்ன வயசிலிருந்து அவர்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. அவள் ஏதாவது ஒரு தேதியைச் சொல்லுவாள். அவர் மூச்சு விடாமல் அந்தத் தேதியில் நடந்ததைச் சொல்லுவார். கொஞ்ச நாளாகப் பதில் வரத் தாமதமாயிற்று. போனுக்குள் காகிதம் புரளுகிற சத்தம் கேட்டது. யாரோ பக்கத்தில் முணுமுணுப்பது கேட்டது. பிறகு விளையாட்டே நின்றுபோய், அப்பாவுக்குச் சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று அம்மா போனை வாங்கிப் பேசத் தொடங்கினாள். நேரில் வருகிறேன் என்றால், பெயிண்ட் அடிக்கிறார்கள், மாடியில் யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது, நாங்களே அங்கே வருகிறோம் என்று ஏதாவது ஒன்று. அம்மாவும் தம்பியும் மட்டும் ஒருமுறை வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார்கள். மகனின் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை என்று அவளும் பிடிவாதம் பிடிக்கவில்லை. அப்பாவை யாரோ தன்னிடமிருந்து ஒதுக்கி வைக்கிறார்கள் என்ற எண்ணம் மட்டும் உள்ளே ஊறிக்கொண்டே இருந்தது.

வந்ததுமே அம்மாவிடம் கேட்டிருந்தாள், எத்தனை மணிக்குப் பார்த்தாய் என்று. ஆறரைக்கு என்றாள் அம்மா. சொன்னவள் முகத்தைப் பெட்டியின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இப்போது போன் கிடைக்காமல் எழுந்து, மாடிப்படியில் தம்பியைப் பிடித்து நிறுத்தினாள். அனந்தன் கையில் மாலைகள் இருந்தன.

"அப்பா போன் எங்கலே?"

"இப்பம் அது என்னத்துக்குக்கா? இங்கனதான் எங்கேயாம் கிடக்கும்."

"பதினொரு மணிக்குப் போன மனுஷன் காலம்பற எப்படிலே பட்டியல் அனுப்பினாரு?"

அவன் முகத்தில் திகைப்பு வந்தது. அது நடிப்பா என்று அவள் உற்றுப் பார்த்தாள். பட்டியலைத் தான் கவனிக்கவே இல்லை என்றான். டாக்டர் ஒரு மதிப்புக்குச் சொல்லியிருப்பார், ஒன்றிரண்டு மணிநேரம் முன்னே பின்னே இருக்கும் என்றான். தைக்காட்டில் சாந்தி கவாடம் மயானத்தில் நாலு மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறது, மூன்றே காலுக்கு எடுத்தாக வேண்டும், வந்தவர்கள் காதில் இதெல்லாம் விழ வேண்டாம் என்றான். சொல்லும்போது அவன் கண் அவளைத் தாண்டி அம்மாவிடம் போனது. அந்தப் பார்வைக்கும் அவள் மனசுக்குள் ஒரு வட்டம் போட்டுக்கொண்டாள்.

அடுக்களையில் லீலாபாய் பால் விடாத கட்டன் சாயா போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா நேற்று என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்குப் படுத்தார் என்று கிருஷ்ணவேணி கேட்டாள். கஞ்சி குடித்தார், எட்டரைக்குப் படுத்தார் என்று பதில் வந்தது. போன் யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள். கதவிலெல்லாம் என்ன ஒட்டியிருந்தது என்றும் கேட்டாள். அந்த அம்மாள் கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் தட்டிவிட்டு நின்றாள்.

"உங்க பையைக் கொஞ்சம் பாக்கணும்," என்றாள் கிருஷ்ணவேணி.

குரல் தான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. கூடத்திலிருந்த நாலைந்து பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். லீலாபாய் அடுப்பை அணைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அறைக்குள் போய் ஒரு ஜவுளிக்கடைத் துணிப்பையை எடுத்து வந்தாள். எல்லோரும் பார்க்கிற இடத்தில் அதைத் தரையில் வைத்து, ஒவ்வொன்றாகத் தானே எடுத்து வைத்தாள். இரண்டு நைட்டி. ஒரு சேலை. சீப்பு. வலித்தைலப் புட்டி. மகளும் பேரக்குழந்தையும் நிற்கிற படம். கடைசியில் மருந்துக்கடைக் காகித உறை. உறையின்மேல் அப்பாவின் பெயர்.

கிருஷ்ணவேணி உறைக்குள்ளிருந்த அட்டையை எடுத்தாள். பத்து மாத்திரையில் ஒன்றுதான் பாக்கி இருந்தது. பெயரைப் போனில் அடித்துப் பார்த்தாள். தூக்கம் வர வைக்கிற மாத்திரை.

"இத அப்பாவுக்கு யாரு குடுக்கச் சொன்னா?"

"அம்மையிட்ட கேளுங்க சேச்சி," என்றாள் லீலாபாய். "ஞான் ஒண்ணும் பறைய மாட்டேன்."

பரப்பி வைத்ததை மடித்து மறுபடியும் பைக்குள் வைத்தாள். பையின் வாயை இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கினாள். இன்னும் எதையோ மறைக்கிறாள் என்று கிருஷ்ணவேணி எடுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் கிடுகிடுவென்று நடந்தது. அவள் டாக்டரை மறுபடியும் அழைத்தாள். மாத்திரையைப் பற்றிக் கேட்டாள். அதைத் தான் எழுதித் தரவில்லை, வேறு யாராவது ஸ்பெஷலிஸ்ட் எழுதியிருக்கலாம் என்றார் அவர். சந்தேகம் என்று இருந்தால் தன் சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், உடம்பு மெடிக்கல் காலேஜுக்குப் போகட்டும், போலீசுக்குச் சொல்லிவிடுங்கள் என்று சற்று விறைப்பாகவே சொன்னார். அனந்தன் அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினான். அப்பாவை அறுத்துப் பார்க்கப் போகிறாயா என்று கேட்டான். அறுத்தால் தெரியட்டும் என்றாள் அவள். முற்றத்துப் பந்தலில் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். வீட்டில் வேலைக்கு நின்ற பொம்பளை கிழவருக்கு எதையோ கொடுத்துவிட்டாளாம் என்று மலையாளத்தில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்வது ஜன்னல் வழியாக அவள் காதிலேயே விழுந்தது. அவள் மறுத்துச் சொல்லவில்லை.

போலீஸ் நம்பரை எடுத்துக்கொண்டு, பேச்சு யார் காதிலும் விழாத இடம் வேண்டுமென்று கொல்லைப்புறம் போனாள். பம்பு மோட்டார் இருக்கிற மறைப்புக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பை, வாய் இறுக்கிக் கட்டப்பட்டு, அதன்மேல் ஒரு பழைய தகரம் சாத்தப்பட்டு இருந்தது. ஒளித்து வைத்த பொருள் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவள் போனைச் சேலைக்குள் செருகிவிட்டு முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

மேலாக இருந்தது பெரியவர்களுக்குக் கட்டுகிற டயப்பர். நனைந்தது ஒன்று, பிரிக்காத பாக்கெட் ஒன்று. அதற்குக் கீழே தடித்த அட்டைத் துண்டுகள். பிய்த்தபோது ஒட்டு நாடாவோடு சுவர்ப் பெயிண்டும் சேர்ந்து வந்திருந்தது. ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் பெரிய எழுத்து. எட்டாம் வகுப்போடு நின்ற அம்மாவின் உருண்டை எழுத்து.

குளிமுறி. இதுதான் கதவு.

அடுக்களை. அடுப்பைத் தொடக்கூடாது.

வெளிக்கதவு. கடை பூட்டியாச்சு, போகண்டாம்.

அவள் நின்றபடியே ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாள். கல்யாணப் படத்துக்கு அடியில் இருந்திருக்க வேண்டிய துண்டில், 'இது சிவகாமி. உங்க கூடத்தான் இருக்கா' என்று எழுதியிருந்தது. பையின் அடியில் கிடந்த ஒன்று மற்றவற்றைவிடக் கசங்கி, விரல் பட்டுப் பட்டு ஓரம் கறுத்திருந்தது. 'வேணி. மூத்த மகள். திருநெல்வேலி. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள்.'

கொல்லைக் கதவில் அம்மா நின்றிருந்தாள். தலைமாட்டை விட்டு அவள் எழுந்து வந்தது அன்றைக்கு அதுதான் முதல் தடவை. இருவரும் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தார்கள். அம்மா இடுப்பில் செருகியிருந்த முந்தானையை அவிழ்த்து, அதற்குள்ளிருந்து அப்பாவின் போனை எடுத்து மகள் மடியில் வைத்தாள்.

"அஞ்சு மணிக்கு அவரைத் திருப்பிப் படுக்க வைக்கணும். இல்லேன்னா முதுகு புண்ணாயிரும். தொட்டேன். அப்பமே தெரிஞ்சு போச்சு."

கிருஷ்ணவேணி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விளிச்சா எல்லாரும் வந்திருவாவ. அந்தக் கோலத்துல அவரைப் பாப்பாவ. பட்டியல் போகல்லேன்னா அரிசி மண்டி பேச்சிமுத்து அண்ணாச்சி ஆறு மணிக்கே போன்ல விளிப்பாரு. எடுக்கல்லேன்னா வந்து நிப்பாரு. அதான் மொதல்ல அத எழுதினேன். கை விறைச்சுப் போச்சு, அஞ்சுதான் எழுத முடிஞ்சுது. அனுப்பிட்டு அவரைத் தொடச்சேன். வேட்டி மாத்தினேன். தல சீவி விட்டேன். லீலாவ ஆறரைக்குத்தான் எழுப்பினேன்." அம்மா அவிழ்த்த முந்தானையை மடியில் வைத்து நீவி விட்டாள். "அந்த நேரம் எனக்கு வேண்டியிருந்துச்சு, மக்கா."

அப்பாவுக்கு ஓர்மை, ஞாபகசக்தி, தப்ப ஆரம்பித்து இரண்டரை வருஷமாகிறது என்று அம்மா மெல்லச் சொன்னாள். முதலில் கடைச் சாவி, பிறகு கடைக்குப் போகிற வழி. நினைவு சரியாக இருந்த நாளில் அவரே கேட்டுக்கொண்டாராம், வேணிக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று. அனந்தனிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார். அவள் ஞாயிற்றுக்கிழமை தேதி கேட்பாள், அதில் தோற்றுவிடக் கூடாது என்று சனிக்கிழமை முழுக்க நோட்டுகளை வைத்துக்கொண்டு உருப்போடுவாராம். அதுவும் முடியாமல் போனபோது அம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்து அவர் காதில் சொல்லியிருக்கிறாள், அவர் அதை வாங்கிப் போனில் சொல்லியிருக்கிறார். பட்டியலை அம்மா எழுதத் தொடங்கியது அப்போதுதான். பூதக் கண்ணாடி வைத்து நோட்டைப் படித்து, ஒரு விரலால் எழுத்து எழுத்தாக அடிப்பாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அனந்தனுக்குக்கூட இது தெரியாது, அப்பா சொல்லச் சொல்ல அம்மா அடிக்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான். சாயங்காலமானால் கடை திறக்க வேண்டும் என்று கேட்டை உலுக்குவாராம். மாத்திரை அதற்காகப் பெரிய டாக்டர் எழுதியது. துக்கத்துக்கு வருகிறவர்கள் பார்க்கக் கூடாது என்று இன்று காலையில் அட்டைகளைப் பிய்க்கச் சொன்னது அம்மா. துடைக்கச் சொன்னதும் அம்மா. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று லீலாபாய் வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

கிருஷ்ணவேணி ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த வானம்? ஆரஞ்சு நெறம்னு எழுதியிருந்தியே."

"நான் பாத்தேம்லா. நாகர்கோவில்ல எங்க வீட்டு மச்சுல நின்னு. எட்டு வயசு எனக்கு. ராக்கெட்டுல என்னமோ பொடிய அடைச்சு விட்டாவளாம், சாயங்காலம் மேக்க பூரா அப்படி ஆயிப்போச்சு. எங்க அம்ம பயந்து வெளக்கு வச்சிட்டா. அவரும் பாத்திருக்காரு, இங்க சாலைத்தெருவுல நின்னு. கல்யாணம் ஆன புதுசுல எங்களுக்குப் பேசறதுக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு." அம்மா முழங்கால்களைக் கையால் அமுக்கி விட்டுக்கொண்டாள். "வருஷா வருஷம் சொல்லுவேன், அதையும் எழுதுங்கன்னு. அது சரித்திரம் இல்லேம்பாரு. இன்னைக்கு எழுதினேன். அவரு திருத்த மாட்டாருல்லா."

கிருஷ்ணவேணி அட்டைகளைப் பைக்குள் போட்டுப் பழையபடி முடிச்சுப் போட்டாள். 'வேணி' என்று எழுதிய துண்டையும் உள்ளேதான் போட்டாள். தகரத்தை எடுத்துச் சாத்தினாள். பிறகு டாக்டரை அழைத்து, தன்னுடைய தவறு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள்.

பந்தலில் பேச்சிமுத்து எழுந்து வந்தார். அரிசி மண்டிக்காரர், அப்பாவின் வயதுக்காரர். போலீஸ், மெடிக்கல் காலேஜ் என்று காதில் விழுந்ததே, என்ன சங்கதி என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். ஒன்றுமில்லை, எனக்குத்தான் புரியாமல் போயிற்று என்றாள் அவள். அவர் கையிலிருந்த போனில் காலைப் பட்டியல் திறந்திருந்தது.

"இதப் பாரு மக்கா. வானம் ஆரஞ்சு நெறமா இருந்துச்சுன்னு எழுதியிருக்கான். நானும் பாத்தேன் அத, அவன் பக்கத்துல நின்னு. நாப்பது வருஷமா இப்படி ஒரு வரி எழுதினதில்ல பாத்துக்கோ. கடைசி நாளுன்னு தெரிஞ்சுதான் எழுதியிருப்பான்."

பதினொரு மணி, ஐந்து ஐம்பத்திரண்டு, ஆறரை. பொருந்தாத மூன்று நேரங்கள் அவள் முன்னால் நின்றன. பந்தலில் எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

"இருக்கும் அண்ணாச்சி," என்றாள்.

மூன்று மணிக்குப் பெட்டியைத் திறந்து அப்பாவைத் தரையில் கிடத்தினார்கள். வாய்க்கரிசி போட உறவுப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். மூத்த மகள் முதலில் போட வேண்டும் என்று யாரோ அரிசித் தட்டை நீட்டினார்கள். கிருஷ்ணவேணி தட்டை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். லீலாபாய் பையைக் கையில் இடுக்கிக்கொண்டு, கொல்லை வழியாகப் போகத் தயாராக நின்றிருந்தாள். கிருஷ்ணவேணி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். வேண்டாம் சேச்சி, நான் வேறு மதத்து ஆள், உங்கள் ஆட்கள் ஏதாவது சொல்வார்கள் என்று அவள் பின்வாங்கினாள். கிருஷ்ணவேணி விடவில்லை. கூடத்துக்கு அழைத்து வந்து, ஆட்கள் எல்லோரும் கேட்கும்படி சொன்னாள்:

"அப்பாக்கு ஒரு வருஷமா எல்லாம் செஞ்சது இவங்க. மொதல்ல இவங்க போடட்டும்."

பை திறக்கப்பட்டதைப் பார்த்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேச்சிமுத்து தொண்டையைச் செருமிவிட்டு, போடட்டும் என்றார். லீலாபாய் குனிந்து அரிசியை அள்ளினாள். போடுவதற்கு முன்னால், பழக்கத்தில், கிடந்தவரின் வாயோரத்தை முந்தானை நுனியால் ஒற்றித் துடைத்தாள். பிறகுதான் போட்டாள். அவளுக்கு அப்புறம் கிருஷ்ணவேணி போட்டாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்து வாயைத் திறந்தபோது, லீலாபாய் தலையை ஆட்டி, அம்மையைப் பிடிச்சுக்கோங்க என்று மட்டும் சொன்னாள்.

மூன்றே காலுக்கு எடுத்தார்கள். ஆண்கள் தைக்காட்டுக்குப் போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஜன்னல் திரைகளைக் கழற்றி நனைத்துப் போட்டார்கள். அம்மாவைக் குளிக்க வைத்தார்கள். ஈரத் தலையோடு, கழுவிய தரையில் சுவரோரமாக உட்கார்ந்தவள், யாரோ கொடுத்த சாயாவைப் பாதி குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தவள் அப்படியே கண் அயர்ந்துவிட்டாள். எத்தனை நாள் தூக்கமோ, வாய் லேசாகத் திறந்திருந்தது.

மேற்கு ஜன்னலில் திரை இல்லாததால் வெயில் நேராக அம்மாவின் முகத்தில் விழுந்தது. இமைகள் சுருங்கின. கிருஷ்ணவேணி எழுந்து ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றாள். நிழல் அம்மாவின் நெற்றியில் விழவில்லை. இடப்பக்கமாக ஓர் அடி நகர்ந்தாள். இப்போது சரியாக விழுந்தது. கம்பியில் முதுகைச் சாய்க்காமல், சேலையை இரண்டு பக்கமும் கையால் விரித்துப் பிடித்துக்கொண்டு, வெயில் இறங்க இறங்க அவளும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருந்தாள்.